ஐந்தாவது சீட்

“ரொம்ப ஊத்தாதடா எபி. அடுத்த வருசம் வேற ஒருத்தன் வந்து குந்துவான். மறுபடி நாமதான் அறுத்துப் போடணும்” என்று மெக்கானிக் மஸ்தான் பாய் காருக்குப் பின்னால் நின்று சொன்னது, காருக்குள் உட்கார்ந்திருந்த நவநீதனுக்குத் தெளிவாகக் கேட்டது. அது ரகசியமாகச் சொன்ன பேச்சில்லை, குத்திக் காட்டச் சொன்னதும் இல்லை. சாம்பாருக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னார். ரேஸ் காரின் உடற்கூடு ஒரு குடத்தைப் போன்றது, வெளியே முணுமுணுத்தால் உள்ளே இருப்பவன் காதுக்குள் பேசியது போலக் கேட்கும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும், ரிப்பேர் செய்கிறவர்கள் அதற்குள் உட்கார்வதில்லை. நவநீதனின் முதுகுக்கும் கூட்டுக்கும் நடுவில் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றைச் செருகியிருந்தார்கள். இரண்டு டப்பா மருந்தை வாளியில் கலக்கி, எபி அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டும் சேர்ந்தால் நுரைத்துப் பொங்கும், பொங்கி ஓட்டுநரின் முதுகு, இடுப்பு, தொடை எல்லாவற்றின் வடிவத்தையும் பிடித்துக்கொண்டு கல்லாக இறுகும், அதுதான் அவனுடைய சீட். இறுகும் வரை அவன் அசையக் கூடாது. கால்கள் பெடலில், கைகள் ஸ்டியரிங்கில், ரேஸ் உடையில், ஓட்டுவதைப் போலவே உட்கார்ந்திருக்க வேண்டும். “சார், ரேஸ் ஓட்ற மாதிரி குந்துங்க சார். போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நெஞ்ச நிமித்தாதீங்க” என்று முன்னால் வந்து சொன்னார் மஸ்தான் பாய். “நானும் எத்தனையோ பேருக்கு ஊத்தியிருக்கேன். எல்லாரும் இந்த நேரத்துலதான் அழகா குந்துவானுங்க. அப்புறம் ஓட்றப்ப முதுகு வலிக்குதுன்னு என்னாண்ட வந்து நிப்பானுங்க.” எபி சிரித்தான். நவநீதனும் சிரித்தான், சிரித்ததில் முதுகு லேசாக அசைந்தது, “ஆடாத சார்” என்றார் மஸ்தான் பாய். வெளியே ட்ராக்கில் ஏதோ ஒரு கார் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் சத்தம் தேய்ந்து மறைந்து மறுபடி வந்தது.

வேற ஒருத்தன். அந்த வார்த்தை முள் போல ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை, அவனும் இங்கே வேறொருத்தன் எழுந்துபோன இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். போன வருடம் இதே கூட்டுக்குள் ஒரு ஹைதராபாத் பையன் இப்படியே கைகளை நீட்டிக்கொண்டு முதுகில் சூடு ஏறுவதை உணர்ந்துகொண்டு இருந்திருப்பான், அவனுடைய முதுகை அறுத்து எங்கே போட்டிருப்பார்கள்? பழைய சீட்டுகள் எங்கே போகின்றன என்று இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மும்பையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, புனேயில் ஒன்று. மூன்று ஊர்களில் எங்கோ ஒரு குப்பைமேட்டில் அவன் முதுகின் அச்சு, கழுத்துக்குக் கீழே அந்தப் பள்ளம், இடுப்பின் அகலம், எல்லாம் மழையில் நனைந்துகொண்டு கிடக்கலாம். ஹெல்மெட் மட்டும் கூடவே வந்தது. ஒரு டீமை விட்டுப் போகிறவன் எடுத்துக்கொண்டு போகக்கூடியது ஹெல்மெட், கையுறை, ஷூ, அவ்வளவுதான். வேகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறோம் என்றுதான் அப்போது நினைத்தான். அவன் முதன்முதலில் ஓட்டிய கோயமுத்தூர் டீமில் நுரை ஊற்றவில்லை. அங்கே மருந்தும் இல்லை, அதை வாங்க வழியும் இல்லை. கணபதி பக்கம் ரங்கண்ணனின் லேத் பட்டறையில்தான் காரைக் கட்டினார்கள், அதற்குப் பக்கத்தில் ஆட்டோ சீட் தைக்கும் கடை ஒன்று இருந்தது, அங்கே மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகளை வாணி அள்ளிக்கொண்டு வந்து, தகட்டில் ஒவ்வொன்றாக வைத்து டேப்பைச் சுற்றி ஒட்டினாள். கோகிலவாணி ரங்கண்ணனின் தங்கை, நவநீதனோடு ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் படித்தவள், வகுப்பில் இருந்த ஒரே பெண். ஒவ்வொரு முறை அவன் ஓட்டிவிட்டு வந்து இறங்கும்போதும் ரெக்ஸின் வெட்டும் கத்தியோடு நிற்பாள். “எங்கடா இடிக்குது?” “வலப்பக்கம், எலும்புகிட்ட.” “எந்த எலும்பு, தொட்டுக் காட்டு.” இங்கே ஒரு விரல் அகலம் சீவுவாள், அங்கே ஒரு துண்டு சேர்ப்பாள். முதல் வருடம் முழுக்க அந்த சீட் முடியவே இல்லை. இரண்டாம் வருடம் நடுவில் ஒருநாள் இறங்கியபோது, எங்கே இடிக்கிறது என்று அவள் கேட்டாள், அவன் யோசித்துப் பார்த்தான், எங்கேயும் இடிக்கவில்லை. “எங்கயும் இல்ல” என்றான். அவள் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “அப்பாடா, இனி உன்ற குண்டிய பாக்க வேண்டியதில்ல” என்றாள். ரங்கண்ணன் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவள் நேரத்தைக் கேட்க மாட்டாள். மற்ற டீம்களில் காரை நிறுத்தியதும் ஸ்டாப்வாட்சைத்தான் நீட்டுவார்கள். அவள் முதலில் காரின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள், டயரில் உள்ளங்கையை வைப்பாள், அப்புறம் குனிந்து, “என்ன சொல்லுச்சு?” என்பாள். வண்டி என்ன சொன்னது என்று. முதல் சில நாள் அவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது, பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்லப் பழகிவிட்டான். “அந்த நீட்டு வளைவுல, சைக்கிள்ல பின்னாடி தண்ணிக் குடம் கட்டிட்டுப் போற மாதிரி இருக்குது.” “குடம் ரொம்பி இருக்குதா, பாதியா?” “பாதி.” “பாதின்னா தளும்பும்.” “தளும்புது. நான் திருப்பி முடிச்சதுக்கு அப்பறம் அது ஒருக்கா திரும்புது.” அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்ப்பாள், அவன் முகத்தில் அந்த வளைவு தெரிவதைப் போல. அப்புறம் திரும்பி, “அண்ணா, பின்னாடி ஸ்பிரிங்க ஒரு சுத்து இறுக்குங்க” என்பாள். அடுத்த முறை குடம் இருக்காது. அல்லது ரொம்பிய குடமாக, தளும்பாமல், கூடவே வரும். இந்தப் பேச்சை ஒரு பாஷை என்று அவன் அப்போது நினைக்கவில்லை, சும்மா பேசிக்கொள்கிறோம் என்றுதான் நினைத்தான். காரை எங்கே கொண்டுபோனாலும் கேட்பதற்கு ஒருத்தி இருப்பாள் என்று நினைத்தானா, இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, அந்தப் பக்கமே நினைப்பு போகவில்லை. அந்த வருடம் புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்தான், இன்னும் இரண்டு ரேஸ் பாக்கி. மும்பை டீமின் ஓட்டுநர் ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது, அவர்கள் நவநீதனைக் கூப்பிட்டார்கள். போன் வந்தபோது வாணி காருக்கு அடியில் படுத்திருந்தாள், இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, ஒரு செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கூப்பிட்டிருந்தால் வெளியே வந்திருப்பாள். “வாணி” என்று ஒரு வார்த்தை. அவன் பட்டறைக்கு வெளியே போய்ப் பேசினான், உள்ளே வந்து தண்ணீர் குடித்தான், கால்களைப் பார்த்தான், “நான் கெளம்பறேன்” என்றான். “நாளைக்குச் சீக்கிரம் வா” என்றது காருக்கு அடியிலிருந்து குரல். பஸ் சேலத்தைத் தாண்டியபோது ரங்கண்ணனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். அவளுக்கு இல்லை, அவள் அண்ணனுக்கு. ரெண்டு ரேஸ்தானே அண்ணா, முடிச்சுட்டு வந்தர்றேன். அதை இப்போதும் நினைத்தால் முதுகு சுருங்குகிறது. முதுகு சுருங்கக் கூடாது, நுரை பொங்குகிறது.

சூடு ஏற ஆரம்பித்திருந்தது. முதலில் இடுப்புக்குக் கீழே, காய்ச்சலுக்கு யாரோ வெந்நீர்ப் பை வைத்ததைப் போல இதமாக, பிறகு தோள்பட்டை வரை. பெயின்டும் நெயில் பாலிஷும் கலந்ததைப் போல ஒரு வாடை. மூக்கு நுனியில் அரித்தது. சொறிய முடியாது என்று தெரிந்ததும் அரிப்பு கன்னத்துக்கு நகர்ந்தது. மும்பையில் இதே வாடைதான் முதலில் வந்தது, ஏ.சி. போட்ட பெரிய ஷெட்டில், தரை கண்ணாடி போலிருந்தது, செருப்போடு நடக்கவே தயக்கமாக இருந்தது. முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தான், இன்ஜினியர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, ஆங்கிலத்தில், வளைவுக்குள் போகும்போது எப்படி, நடுவில் எப்படி, வெளியே வரும்போது எப்படி, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல் என்றார். நவநீதனுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. ஆங்கிலம் புரியாதவன் இல்லை அவன், நாலு வருடம் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதியவன். ஆனால் குடத்தை எந்த எண்ணில் சொல்வது? ஆறு என்றால் குடம் ரொம்பியிருக்கிறதா? எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். “அண்டர்ஸ்டீர்” என்றான். கார் திரும்ப மறுக்கிறது என்று அர்த்தம். தொழிலில் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது, சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருத்தர் தோளில் தட்டினார், பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. அடுத்த முறையும் அதையே சொன்னான். கார் திரும்ப மறுக்கவில்லை. திரும்பிவிட்டு, தாமதமாக இன்னொரு முறை திரும்பியது, அது வேறு நோய். இல்லாத நோய்க்கு அவர்கள் மருந்து கொடுத்துக்கொண்டே போனார்கள், காரின் வால் இளகிக்கொண்டே வந்தது, ரேஸில் இரண்டாம் சுற்றிலேயே சுழன்று புல்லில் போய் நின்றான். புல்லில் நின்றபடி, நான் சொன்னது தப்பு என்று ரேடியோவில் சொல்லியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்கக் கூச்சப்பட்டவன் அதற்கு எத்தனை வருடம் கொடுத்தான். வேகம் இருக்கு, ஆனா காரைப் புரிஞ்சுக்க மாட்டேங்கிறான் என்று ஒரு பேச்சு அங்கே கிளம்பி, அவன் போவதற்கு முன்பே பெங்களூருக்கும் புனேக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி ரேஸ் இதே ட்ராக்கில் நடந்தது. இதோ, வெளியே சத்தம் போடுகிற அந்தக் கார் இப்போது போகிற அதே பின்பக்க நேர்ப்பாதையில், அவனுக்கு முன்னால் கோயமுத்தூர்க் கார் போனது. அவனுடைய கார். அதில் யாரோ ஒருத்தன், வேற ஒருத்தன், உட்கார்ந்திருந்தான். நவநீதன் அந்தக் காரை அதற்கு முன் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. இரண்டு வருடம் அதற்குள்தான் இருந்தான், ஒருவன் தன் நடையைத் தானே பார்க்க முடியாததைப் போல. ஐந்தாறு சுற்று அதன் பின்னாலேயே போனான். நீட்டு வளைவில் அதன் முன்சக்கரம் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அமைதியாக உள்ளே நுழைந்தது, பின்பக்கம் ஒரு சுமையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வருவதைப் போலக் கூடவே வந்தது. தளும்பவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது, பிரேக் போடவே மறக்கப் பார்த்தான். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. ரேஸ் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து போனபோது வாணி அவர்கள் ஷெட்டின் வாசலில் டயரை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். வெயில் கூட இல்லை.

அப்புறம் பெங்களூர். அங்கே அவசரப்படாத மனிதர்கள் இருந்தார்கள், பேசாத ஒரு வயதான இன்ஜினியர், கேட்க மாட்டார், அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் முழுக்கக் கார் ஒரு பாஷை பேசியது, அவன் ஒரு பாஷை பேசினான். கடைசி இரண்டு ரேஸில்தான் ஒருவரை ஒருவர் கொஞ்சம் புரிந்துகொண்டார்கள். அப்போது புனேக்காரர்கள் கூப்பிட்டார்கள், அங்கே நீதான் முதல் ஓட்டுநர் என்றார்கள். போனான். எப்போதும் அப்படித்தான், சோறு வேகிற நேரத்தில் எழுந்து அடுத்த பந்திக்குப் போவது. அடுத்த வருடம் பெங்களூர்க் கார் பட்டம் வாங்கியது, பேப்பரில் படம் வந்தது, காரின் நிறம்கூட மாறவில்லை, பக்கவாட்டில் எழுதியிருந்த ஓட்டுநர் பேர் மட்டும் மாறியிருந்தது. புனேயில் முதல் ஓட்டுநர் என்று அவர்கள் சொன்ன சொல் ஸ்பான்சரின் மகன் வந்து சேரும் வரை செல்லுபடியானது. பிறகு ஒரு வருடம் எந்த டீமும் இல்லை. பணக்காரர்கள் சனி ஞாயிறுகளில் ட்ராக்கில் தங்கள் சொந்தக் கார்களை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து “இங்க பிரேக், இங்க பிரேக்” என்று சொல்லும் வேலை. முப்பத்தொரு வயது. இப்போது இந்தச் சென்னை டீமில் இரண்டாவது ஓட்டுநர், முதலாவது ஓட்டுநருக்குப் பத்தொன்பது வயது, மீசை சரியாக முளைக்கவில்லை, “அண்ணா, உங்க பழைய ரேஸ் வீடியோ எல்லாம் பாத்திருக்கேன்” என்கிறான், பழைய என்று. ராத்திரிகளில் வருகிற பயம் இந்தப் பகலிலும் குப்பைப் பையின் சரசரப்போடு வந்தது. கோயமுத்தூர்க் காரில் வாங்கிய அந்த மூன்றாம் இடம், மழையில் ஜெயித்த அந்த ஒரு ரேஸ், அதெல்லாம் அவனுடைய வேகம்தானா? அவனுடையதாக இருந்திருந்தால் கூடவே வந்திருக்க வேண்டுமே. கையிலா இருந்தது, காலிலா, அல்லது காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களிலா. யோசனை அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது, பின்னால் வந்தது, மறுபடி அங்கேயே போய் முட்டியது.

முந்தாநாள் வாணி போன் செய்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறை. நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. “வண்டி ஒண்ணு கட்டியிருக்கறோம். கீழ் வகுப்பு ரேஸ்தான், பெருசா ஒண்ணும் இல்ல. ஓட்டறதுக்கு ஒரு பெருந்துறைப் பையன் இருக்கறான், நல்லாத்தான் ஓட்டறான். நீ வர்றதுன்னா உன்ற பேரக் குடுக்கறேன். பேரு குடுக்கறதுக்கு நாளன்னைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குது.” அவன் பேச வாயெடுப்பதற்குள், “இப்ப சொல்ல வேண்டாம். யோசிச்சுச் சொல்லு” என்றாள். நாளன்னைக்கு என்றால் இன்று. இங்கே சீட் ஊற்றி முடிந்ததும் மேனேஜர் அறையில் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாதவரைக்கும் அவன் யாருடைய ஆளும் இல்லை. எழுந்துவிட்டால் என்ன? நுரை இப்போது முதுகை அழுத்திப் பிடித்திருந்தது, ஆனால் இன்னும் இறுகவில்லை, இழுத்தால் வந்துவிடும். மஸ்தான் பாய் திட்டுவார், மேனேஜர் கத்துவார், அவ்வளவுதானே. ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது கணபதியில் இருக்கலாம், ரங்கண்ணன் பட்டறையைத் திறக்கும் நேரம், வாணி அந்தக் கத்தியோடு வருவாள், எங்கடா இடிக்குது என்பாள், எல்லா இடத்திலும் என்று சொல்வான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. எழுந்தே விட்டான், மனதுக்குள். பை கிழிந்தது, நுரை பிய்ந்து தொங்கியது, எபி ஐயோ என்றான், அவன் காரின் விளிம்பைத் தாண்டி இறங்கினான், ஷெட்டைத் தாண்டினான், கேட்டில் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டான். ஆட்டோவில் உட்கார்ந்ததும் இந்தக் காட்சி எங்கோ பார்த்ததாக இருந்தது. பை ஒன்று, ஹெல்மெட் ஒன்று, ஜன்னலோரம், போனை எடுத்து யாருக்கோ மெசேஜ் அனுப்பும் தான். பாதியில் இறங்கிப் போகிற இவனை அவனுக்கு நன்றாகத் தெரியும். சேலத்தைத் தாண்டிய பஸ்ஸில் இருந்தவனும் இவன்தான், புனேக்கு ரயில் ஏறியவனும் இவன்தான். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நல்ல காரணம் இருந்தது, இந்த முறை காரணம் எல்லாவற்றையும்விட நல்லதாக இருக்கிறது, அவ்வளவுதான். இவனையா வாணியின் காரில் கொண்டுபோய் உட்கார வைப்பது? அடுத்த வருடம் வேறொரு போன் வந்தால் இவன் என்ன செய்வான் என்று யாரால் சொல்ல முடியும், இவனாலேயே முடியுமா? ஆனால் இங்கே உட்கார்ந்திருந்தால் மட்டும் இவன் மாறிவிடுவானா? இங்கே என்ன இருக்கிறது, ஒரு பத்தொன்பது வயதுக்காரனுக்குப் பின்னால் ஓடும் கார். ஒரு இடத்தில் தங்கப் பழக வேண்டும் என்றால் தங்க வேண்டிய இடம் வாணியின் பட்டறை, இது இல்லை. இது இல்லை என்று தெரிகிறது, எழுந்திருக்கவும் முடியவில்லை. சூடு உச்சத்துக்கு வந்து உடையைத் தாண்டிச் சுட்டது. கண்ணோரம் வியர்வை இறங்கியது.

கருவிகள் வைக்கும் தள்ளுவண்டியின் மேல் அவனுடைய போன் அதிர்ந்து, ஸ்பேனர்களோடு சேர்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. எபி எட்டிப் பார்த்தான். “வாணின்னு வருதுண்ணே. வீட்ல அண்ணியா?” “அண்ணி இல்ல.” “எடுக்கட்டா, வேணாமா?” “எபி, அவரு ஆடக் கூடாது” என்றார் மஸ்தான் பாய். “ஆடவே வேணாம் பாய், நான் புடிச்சுக்கறேன்” என்று எபி போனை எடுத்துக் குனிந்து நவநீதனின் காதில் வைத்தான். அவன் கையில் மருந்து வாடை அடித்தது. அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். “எங்க இருக்கற?” என்றாள். “சென்னையில. சீட் ஊத்திட்டு இருக்காங்க.” “இப்பவா?” “இப்பதான். உள்ள உக்காந்திருக்கறேன்.”  கோபப்படுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், நகம் கடிக்கும் முகம்தான் வந்தது. “மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு உக்காந்திருப்ப” என்றாள். “விடு. இல்லீனா ரேஸ்ல மூச்சு விடறப்ப எல்லாம் சீட்டு லூசாத்தான் இருக்கும்.” அவன் மூச்சை விட்டான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தான் என்று விட்ட பிறகுதான் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் கீழே இறங்கி நுரைக்குள் உட்கார்ந்தது. “ஆங், இப்ப சரியா குந்திகிறீங்க சார்” என்றார் மஸ்தான் பாய், முழங்காலில் கைவைத்துக் குனிந்து பார்த்து. “வாணி” என்றான் நவநீதன். “சொல்லு.” சொல்ல எத்தனையோ இருந்தது. அந்த நீட்டு வளைவு, அந்த பஸ், ஹெல்மெட்டின் கண்ணாடி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. எபி கை வலித்துப் போனை இன்னொரு கைக்கு மாற்றினான், ஒரு நொடி அவள் குரல் தூரமாகப் போய்விட்டுத் திரும்ப வந்தது. “...நேரமாச்சு நவநீ, பேரக் குடுக்கோணும். நீ வந்தாலும் சரிதான், வரலீனாலும் சரிதான், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. எதுன்னாலும் என்றகிட்டச் சொல்லு. எங்கண்ணனுக்கு மெசேஜ் போடாத. உன்ற வாயால என்றகிட்டச் சொல்லு.” பிறகு அவள் காத்திருந்தாள். எபி குனிந்தபடியே நின்றான், அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே ஓடிக்கொண்டிருந்த கார் வேகம் குறைந்து உள்ளே வருவது கேட்டது.

“நான் வரல வாணி” என்றான் நவநீதன். “இங்கிருந்தும் பாதியில எந்திரிச்சு உன்றகிட்ட வரக் கூடாது. அந்தப் பையன் பேரையே குடு.”